ஆங்லியாவின் கீழ்த்தளக் கட்டில்கள்

வேல்ஸின் ஹோலிஹெட்டுக்கும் அயர்லாந்தின் டப்ளினுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் செல்வதற்காக 1900-இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பட்ட 'ஆங்லியா', முதல் உலகப் போரில், 1915-ஆம் ஆண்டு மருத்துவமனைக் கப்பலாக்கப்பட்டது. பிரெஞ்சுக் கரையிலிருந்து சில மணி நேரத்தில் காயமுற்றோரை இங்கிலாந்து சேர்த்துவிட்டு உடனே திரும்பும் பணிக்கு, குறுகிய கடலில் விரைந்து ஓடிப் பழகிய இத்தகைய கப்பல்களே ஏற்றவையாக இருந்தன. பிரான்சில் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்ட மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நாடு திரும்பியதும் இதில்தான்.

அதன்பின் மூன்று வாரம்கூட ஆகவில்லை. 1915 நவம்பர் 17 அன்று, ஏறத்தாழ 390 காயமுற்ற வீரர்களுடன் டோவரை நோக்கி வந்துகொண்டிருந்த கப்பல், நண்பகல் கடந்த சிறிது நேரத்தில், ஃபோக்ஸ்டனுக்கு அருகே, யூசி-5 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி இட்டுச் சென்ற கண்ணிவெடியில் மோதியது. மருத்துவமனைக் கப்பலின் அடையாளங்களான வெள்ளை வண்ணமும் பச்சைப் பட்டையும் செஞ்சிலுவையும், பார்த்துச் சுடுகிறவனிடமிருந்துதான் காக்கும். நீருக்கடியில் கிடக்கும் கண்ணிக்கு அவை தெரியா.

கப்பலின் முன்பகுதியான அணியம் மூழ்க, பின்புறம் மேலெழுந்தது. எந்திரத்தை நிறுத்த முடியாமல் உந்துவிசிறி நீருக்கு மேலே சுழன்றுகொண்டே இருந்ததால், மீட்க வந்தவர்களுக்கு நெருங்குவதே பெரும்பாடாயிற்று. உதவிக்கு வந்து படகிறக்கிய சரக்குக் கப்பல் ஒன்றும் இன்னொரு கண்ணியில் சிக்கி மூழ்கியது.

தொடை எலும்பு முறிந்த என் அப்பாவின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்த நாட்களில், அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கவே மூன்று பேர் வேண்டியிருந்தது. அதனால்தான் என் மனம் கீழ்த்தளத்தை விட்டு அகல மறுக்கிறது. அங்கே கட்டிலோடு கிடந்தவர்களுக்கு மிதவைக் கச்சை கட்டி, சாய்ந்துகொண்டிருக்கும் படிகளில் தூக்கிச் செல்ல வேண்டும். அப்படித் தூக்கிச் சென்று நீரில் இறக்கினாலும், மரச்சட்டம் கட்டிய கால் மேலே மிதக்க, தலை தாழ்ந்துவிடும். கால் மணி நேரம் அளவே கிடைத்த அந்த வேளையில் செவிலியர் செய்த வேலையின் கனம் அப்பாவின் கட்டிலருகே நின்றபின்தான் எனக்குப் புரிந்தது.

இறந்தோர் 130 பேருக்கு மேல். அவர்களுள் ஒருவர் செவிலியர் மேரி ராட்வெல். சவுத்தாம்ப்டனில், கடலில் மறைந்து கல்லறை இல்லாமற்போனவர்களுக்கான ஹாலிபுரூக் நினைவிடத்தில், படைவீரர் பெயர்களுக்கிடையே அவருடைய பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.