பெருவுடையார் சந்நிதியில் ஓர் ஐப்பசிப் பௌர்ணமி

எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தால் கங்கைகொண்ட சோழபுரத்துச் சிவபெருமானாகிய பெருவுடையாரின் அன்னாபிஷேகத்துக்கு ஒரு மூட்டை அரிசி சமர்ப்பிப்பதாக என் தாயார் வேண்டிக்கொண்டிருந்தார். அந்தப் பிரார்த்தனையைக் கைக்குழந்தையோடு சென்று நிறைவேற்றும் பாக்கியம் இவ்வாண்டு கிட்டியது.

ஊரை நெருங்கும்போதே கருவறைமேல் எழும் கோயில் விமானம் தரிசனம் தந்துவிடுகிறது. ராஜராஜன் தஞ்சையில் 13 நிலைகளோடு நிமிர்த்திய விமானத்தைவிட, மகன் ராஜேந்திரன் 9 நிலைகளில் சற்றே உள்வாங்கி வளைத்து எழுப்பிய இந்த விமானமே என் மனத்துக்கு நெருக்கமானது. கொள்ளிடத்தில் 1836-இல் கட்டிய கீழணைக்காக இத்திருக்கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோன பின்பும் இவ்வளவு எஞ்சியிருப்பது ஈசன் கருணையன்றி வேறில்லை.

பௌர்ணமிக் கூட்டத்தைச் சொல்லி மாளாது. பச்சிளங்குழந்தையோடு நிற்பவர்களிடம்கூட, முன்னால் அழைத்துப் போவதாகச் சொல்லிப் பணம் கேட்டவர்களையும், சிற்பங்களின்மீது சாய்ந்து படம் எடுத்துக்கொண்டவர்களையும் பார்த்து மனம் நொந்தது.

நெரிசலுக்கு அஞ்சி வடபுறப் படிகளருகே ஒதுங்கியபோதுதான் சண்டேச அநுக்கிரகமூர்த்தியின் முன் நின்றோம். அம்மை அருகிருக்க அமர்ந்த ஈசன், காலடியில் கைகூப்பியிருக்கும் சண்டேசரின் தலையில் தம் திருக்கரங்களாலேயே கொன்றைமாலையைச் சுற்றுகிறார். சிவபூசைக்கு வைத்த பாற்குடத்தை இடறிய தந்தையின் காலையே வெட்டிய பிள்ளைக்குத் தாமே தந்தையாகிவிட்ட அந்தக் கணத்தை, தலையைத் தாங்கும் விரல்களின் மென்மையோடும், அடங்கிக் குனிந்த முகத்தின் நிறைவோடும் அந்தச் சிற்பி கருங்கல்லில் எப்படித்தான் வடித்தாரோ! மாலை சூட்டப்பெறுபவர் ராஜேந்திரனே என்பாரும் உண்டு; எனக்கு அங்கே தெரிந்தது ஒரு தகப்பனும் பிள்ளையும்தான். அம்மா குழந்தையைத் தூக்கிக் காட்டி, “நம்ம பிள்ளை தலையிலயும் அந்தக் கை இருக்கணும் சாமி” என்றார். அவருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கோ பேச்சே எழவில்லை.

தெற்குச் சுவரின் அர்த்தநாரீசுவரரையும் ஆடல்வல்லானையும், தாமரை வடிவில் ஒரே கல்லாலான நவக்கிரகத்தையும் விரைவாகவே வணங்க முடிந்தது. மாலையில் 13 அடி உயர லிங்கத் திருமேனி முழுவதும் அன்னத்தால் மூடி, தீபாராதனை ஒளியில் வெண்மலையாகப் பெருவுடையார் நின்றார். எங்கள் அரிசியும் அதில் எங்கோ கலந்திருந்தது. பிள்ளை வரம் வேண்டி அன்னப் பிரசாதம் பெறக் காத்திருந்த தம்பதியர் அத்தனை பேருக்கும் எங்களுக்குக் கிடைத்தது கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அந்த அன்னத்தையே மகனுக்கு முதல் சோறாக ஊட்டினோம். பெருவுடையாரே, பெரியநாயகித் தாயே, உங்களுக்கு எத்தனை மூட்டை அரிசி அளந்தாலும் இந்தக் கடன் தீராது.