பர்லியாரில் நின்ற பேருந்து

மேட்டுப்பாளையத்தில் ஏறும்போதே கண்டக்டர் சொல்லிவிட்டார்: "மேல மண்ணு விழுந்திருக்காம் சார். விட்ட வரைக்கும் போவோம்."

குன்னூர் மலைச்சாலையில் பர்லியார் வரைக்கும்தான் விட்டார்கள். நவம்பர் மாதம். இரண்டு நாள் விடாமல் கொட்டிய மழை அன்று காலைதான் ஓய்ந்து, வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. முன்னால் ஒரு காய்கறி லாரி, பின்னால் சுற்றுலா வேன்கள். பஜ்ஜிக் கடைக்கு நல்ல வியாபாரம்.

"அதான் மழை விட்டாச்சே அக்கா, இனிமே விழாதில்ல?" என்றேன். கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்: "வெளிய விட்டா ஆச்சா தம்பி? உள்ள இறங்கின தண்ணி எங்க போவும்?"

நிலச்சரிவைப் பற்றி நான் படித்ததெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். நீலகிரியின் அடியில் கெட்டியான சார்னோக்கைட் பாறை. அதன் மேல் காலங்காலமாக மக்கிய செம்மண் போர்வை, சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு. மழைநீர் மண்ணில் ஊறி இறங்கி, பாறையைத் தொட்டதும் போக வழியில்லாமல் தேங்குகிறது. மண்ணின் எடை ஏறுகிறது, பிடிப்போ குறைகிறது. அந்த நேரத்தில் சரிவின் அடிவாரத்தை யாராவது வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். நெல் அம்பாரத்தின் அடியில் கைவிட்டு அள்ளினால் மேலிருந்து சரியுமே, அதே கதைதான்.

2009 நவம்பரில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கேத்தியில் ஒரே நாளில் பெய்தது 820 மி.மீ. சென்னை ஒரு வருஷம் முழுக்கப் பார்க்கும் மழையில் பாதிக்கு மேல்! குன்னூர், ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் மலை நூற்றுக்கணக்கான இடங்களில் பிய்த்துக்கொண்டது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாங்கள் போக வேண்டிய இதே சாலையில், மரப்பாலம் அருகே, 1993 நவம்பரில் பேருந்துகளே மண்ணில் சிக்கின. பேருந்துக்குள் உட்கார்ந்துகொண்டு நினைக்க வேண்டிய விஷயமில்லை, நினைத்தேன்.

கால் மரத்துப் போனதால் கொஞ்ச தூரம் நடந்தேன். சாலையோரத் தடுப்புச் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமாக அவற்றை ஏதோ சாக்கடைக் குழாய் என்றே நினைத்திருந்தேன். கூட நடந்து வந்த டிரைவர் சிரித்தார். "மலைக்குள்ள இருக்கிற தண்ணி வர்ற வழி சார் அது. அது அடைஞ்சா செவுரு என்னதான் தடியா இருந்தாலும் தள்ளிடும்." ஒரு குழாயில் பிஸ்கட் உறை சொருகியிருந்தது. எடுத்தேன். கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் வந்தது.

இப்போது நீலகிரிச் சாலைகள் சிலவற்றில் சரிவுக்குள் துளையிட்டு, கம்பிகளைச் செலுத்தி, சிமென்ட் பால் ஊற்றி இறுக்கி, மேலே வலை விரித்துப் புல் விதை தெளிக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது சாலைக்கு மேலே இருக்கும் சில மீட்டருக்கான மருந்து. அதற்கும் மேலே ஓடையை மூடி வீட்டுமனை போட்டால் கம்பி என்ன செய்யும்? மேகம் விலகியபோது எதிர்ச் சரிவில் ஒரு கட்டடம் தெரிந்தது. செங்குத்தாகச் சீவிய செம்மண்ணின் விளிம்பில், பால்கனியோடு. அங்கே அறை எடுத்தால் காட்சி அருமையாக இருக்கும். நான் எடுக்க மாட்டேன்.

கிளம்பும்போது அக்கா ஒன்று சொன்னார். அவர் ஊரில் சுவரில் புது விரிசல் கண்டாலோ, கதவு திடீரென்று சாத்த வராமல் போனாலோ, ஊற்று செம்மண் நிறத்தில் வந்தாலோ, அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் படுப்பதில்லையாம். பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்களாம்.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஒருவழியாக விட்டார்கள். ஜேசிபி ஒதுக்கிய மண் இன்னும் ஈரமாக, வேரோடு ஒரு சில்வர் ஓக் மரம் அதில் சாய்ந்து கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் குழாய்களையே எண்ணிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் மழைக்குப் பிறகும் பாதிக்கு மேல் காய்ந்து கிடந்தன.