கழுவெளி என்ற சொல்

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பற்றி எழுதத் தொடங்கிய காலத்தில் என் குறிப்பேட்டில் பறவைகள் மட்டுமே இருந்தன. பூநாரை, நீளவால் இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து என்று ரேடியல் சாலையோரம் விடியற்காலையில் நின்று எடுத்த கணக்குகளையே கட்டுரைகளாக்கி வந்தேன். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு நடந்த ஒரு குடியிருப்போர் கூட்டத்தில், அப்படியொரு கட்டுரையைப் படித்திருந்த பெண்மணி ஒருவர் எழுந்து, “பறவைக்காக எழுதுறீங்க சார், நல்லதுதான். எங்க வீட்ல இடுப்பளவு தண்ணி நின்னுச்சே, அது எந்த வழியா வந்துச்சுன்னும் எழுதுங்க” என்றார். அந்த வழி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த பல மாதங்கள் அதைத் தேடி நடந்தேன். தென்சென்னையிலும் அதன் புறநகரிலும் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்றன் கலங்கல் வழியே மற்றொன்றுக்கு உபரிநீரைக் கொடுத்து, கடைசியில் இந்தச் சதுப்பில் வந்து சேர்கின்றன. நிலம் ஏறக்குறையக் கடல்மட்டத்திலேயே இருப்பதால் நீர் இங்கே பரந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெதுவாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. பரந்து தங்கும் இடம் குறையக் குறைய, அதே மழைநீர் தெருக்களில் உயர்ந்து நிற்கிறது. என்னுடன் நடந்து வந்த, முன்பு அங்கே நெல் பயிரிட்ட முதியவர் ஒருவர் தார்ச்சாலை ஒன்றின் நடுவில் நின்று, “இந்தத் தெருவே வாய்க்கால்தான் தம்பி, நான் இதுல மீன் புடிச்சிருக்கேன்” என்றார். கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்தபோது அவர் காட்டிய கோடு அப்படியே அதில் இருந்தது.

அவர்தான் அந்த நிலத்தைக் கழுவெளி என்று சொன்னார். உள்ளூர் மக்களிடம் அதற்குப் பெயரும் பயனும் இருந்தன; மீனும் கோரையும் மேய்ச்சலும் அங்கிருந்தே கிடைத்தன. ஆளுகையின் கணக்கிலோ அது வரி தராத வெற்று நிலமாக இருந்தது. சதுப்பின் பெருங்குடிப் பக்கத்தில் நகரத்தின் குப்பையைப் பல பத்தாண்டுகள் கொண்டுவந்து கொட்ட முடிந்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரவியிருந்ததாகக் கணிக்கப்படும் சதுப்பில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமானது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இரண்டு அறிவிப்புகளுக்கும் பின்னால் குடியிருப்போரும் ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் எழுதிய மனுக்கள் உண்டு.

சொல்லின் எடையை என் எழுத்திலேயே ஒருமுறை உணர்ந்தேன். ஏரிக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை ஒரு கட்டுரையில் ஆக்கிரமிப்பாளர்கள் என்று எழுதியிருந்தேன். சில மாதங்கள் கழித்து, அவர்களை அப்புறப்படுத்துவது பற்றிய கூட்டத்தில் ஓர் அதிகாரி அந்தப் பத்தியை உரக்கப் படித்தார். சதுப்பின் மீதே எழுந்த பெரிய கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் அந்தச் சொல்லை நான் பயன்படுத்தவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று வெளியே நின்றிருந்த குடும்பங்களின் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை. அதன் பிறகு, யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர்களிடம் வரைவைப் படித்துக் காட்டாமல் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை. இதனால் கட்டுரைகள் தாமதமாகின்றன. சில வராமலே போயிருக்கின்றன.

இப்போது என் நேரத்தில் பெரும்பகுதி தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்களிலும், சர்வே எண்களை ஒப்பிடுவதிலும், மதகுகளைப் பார்த்து வருவதிலும் செல்கிறது. பறவைக் கணக்கையும் விடவில்லை. எந்தப் பக்கம் நீர் ஆழமாக நிற்கிறது, எங்கே சேறு வெளிப்பட்டிருக்கிறது என்பதை உள்ளான்களும் வாத்துகளும் இறங்கும் இடம் சொல்லிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. கூட்டத்தில் என்னைக் கேட்ட அந்தப் பெண்மணியின் தெருக்கோடியில் இருக்கும் சிறு பாலத்தின் தூணில், நீர் ஏறுவதை அந்தத் தெருப் பிள்ளைகளே தினமும் குறித்துவைக்கும்படி அடிக்கணக்கில் கோடுகள் வரைய வேண்டும். வண்ணமும் தூரிகையும் வாங்கி வைத்திருக்கிறேன்.