ஜூன் 2 வரை

2025 மே 24, சனி

விடியும்போதே மழை. வழக்கத்தைவிட எட்டு நாள் முன்னாடியே பருவமழை வந்துவிட்டதாம், 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். கொழிஞ்சாம்பாறை முழுக்கக் கரண்ட் இல்லை. பீரோவில் ஈரவாடை பிடிக்கும் என்று பாப்பாவின் ஸ்வெட்டரை எடுத்து மேல்தட்டில் வைத்தேன். மடித்தது சரியாக இல்லை. திரும்ப எடுத்து மடித்தேன்.

மே 25, ஞாயிறு

டீச்சர் கூப்பிட்டார். சாப்பாட்டையே ஒதுக்க வைத்து என் மகளை, பாப்பாவை, கொண்டுபோன நோயைப் பற்றி ஜூன் 2 அன்று பள்ளியில் பேச அனுமதி கிடைத்துவிட்டது. உணவுக் கோளாறுகளுக்கான உலக விழிப்புணர்வு நாளும் அதுதான், இங்கே பள்ளி திறக்கும் நாளும் அதுதான். பிரவேசனோற்சவம், அதாவது பள்ளி திறப்பு விழா, முடிந்து மதியம் இரண்டு மணிக்குப் பெற்றோர்களிடம் அரை மணி நேரம் பேசலாம்.

"சேச்சி, மோள் மெலிஞ்ச போட்டோ உண்டெங்கில் கொண்டுவரணே" என்றார். மகள் மெலிந்திருந்த படம் இருந்தால் கொண்டுவரச் சொல்கிறார். நல்ல மனசோடுதான் கேட்கிறார். ஆனாலும் தர மாட்டேன். இதே நோயில் இருக்கிற ஒரு பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்தால் 'நான் இன்னும் இந்த அளவுக்குப் போகவில்லையே' என்றுதான் நினைக்கும். பார்க்க நல்ல உடம்போடு இருக்கிற பிள்ளைக்கும் இது வரும். எலும்பு தெரிந்தால்தான் நோய் என்று நினைத்து நாங்கள் எத்தனை மாசத்தைத் தொலைத்தோம். எடை எத்தனை கிலோ என்றும் சொல்லப் போவதில்லை. யார் கேட்டாலும் சரி.

மே 26, திங்கள்

இன்று திங்கள். அவள் விரதம் இருந்த நாள்.

முதலில் திங்கள் நோன்பு மட்டும்தான். அப்புறம் சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், வெள்ளிக்கிழமை. கடைசியில் வாரத்தில் சாப்பிடும் நாளை எண்ண வேண்டியிருந்தது. ஆனால் யார் எண்ணினார்கள்? "இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா" என்று நாத்தனார் ஊரெல்லாம் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன், மேடையிலும் சொல்வேன். கல்யாண வீட்டில் "நல்லா இளைச்சு அழகாயிட்டா" என்று அவள் இடுப்பைப் பிடித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர். ஒருத்தராவது பயந்திருக்கலாம்.

எங்களுக்கெல்லாம் சமைத்துப் போடுவாள். பாயசம், சேவை, ஓலன். பக்கத்தில் நின்று நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். தான் பட்டினி கிடந்துகொண்டு மற்றவர்களுக்குச் சமைப்பது இந்த நோயில் சகஜம் என்று அவள் போன பிறகுதான் படித்தேன். அன்றைக்கு "புகுந்த வீட்டில் நல்ல பேர் வாங்குவாள்" என்று சொன்னவள் நான்.

மே 27, செவ்வாய்

தூங்கவில்லை.

மே 28, புதன்

தம்பி போனில் எடுத்துக் கொடுத்ததை ராத்திரி முழுக்கப் படித்தேன். அமெரிக்காவில் மினசோட்டாவைச் சேர்ந்த அன்னா வெஸ்டின் என்ற பெண் 2000இல், 21 வயதில், அனோரெக்ஸியாவுக்கு, எடை கூடிவிடுமோ என்று பயந்து சாப்பாட்டை ஒதுக்கும் நோய்க்கு, பலியானாள். சிகிச்சைச் செலவுக்கு இன்சூரன்ஸ் இடைஞ்சல் செய்திருக்கிறது. அவள் அம்மா கிட்டி வெஸ்டின் ஓயவில்லை. மகள் பேரில் கொண்டுவந்த சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறியது. அறிகுறிகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதும் அதில் இருக்கிறது.

16 வருஷம். எனக்கு அரை மணி நேரத்துக்கே கை நடுங்குகிறது.

மே 29, வியாழன்

அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். "பெத்தவளே சோறு போடாமல் விட்டாள்னு பேசுவாங்க, உனக்கு வேணுமா?" இப்போது மட்டும் பேசாமலா இருக்கிறார்கள்?

இந்த வீட்டில் ஒருத்தர் தட்டை விட்டு எழுந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அது அவருக்கும் தெரியும்.

மே 30, வெள்ளி

பாலக்காட்டு ஏப்ரலில், கொளுத்துகிற வெயிலில், அவள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். "குளிருதும்மா." கையில் பூனைமுடி வளர்ந்ததை மறைக்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டேன். குளிர் நிஜம். அந்த முடியும் அதனால்தான், சூடு தங்காத உடம்பு தானே வளர்த்துக்கொள்வது.

ஆஸ்பத்திரியில் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல், இந்த வயசில் டயட் இருப்பதுதான், நல்லா சாப்பிடச் சொல்லுங்க என்று அனுப்பிவிட்டார்கள். நாடியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. ஈசிஜி எடுக்கவில்லை. பட்டினியில் இதயமும் இளைத்து மெதுவாகத் துடிக்கும், ரத்தத்தில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம் என்று அன்றைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தால்!

ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சோற்றைத் திணிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிரே போகலாம். டாக்டர் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லும்போது அழக்கூடாது.

மே 31, சனி

ரேஷன் கடையில் வேலந்தாவளத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, உங்க பாப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா?" மகளுக்குப் பதினைந்து வயது. மாதவிலக்கு நின்று நாலு மாசம். எழுந்தால் தலை சுற்றுகிறதாம். "விரதம் இருக்காக்கா, நல்ல பிள்ளை."

கையைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ, ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேள், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் தாமதிக்காதே என்றேன். மனநலத்துக்கு 14416 இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மகளைத் திட்டாதே என்று மூன்று தடவை சொன்னேன்.

அவளும் பயந்துவிட்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

சஷ்டி. நாத்தனார் பிரசாதத்தோடு வந்தார், இன்று விரதமாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது பாப்பாவின் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

ஸ்வெட்டரைப் பையில் வைத்தேன். போட்டோவுக்குப் பதில் இதைக் காட்டுவேன்.

ஜூன் 2, திங்கள்

மழை விட்டிருக்கிறது. வேலந்தாவளத்துப் பெண் நேற்றும் போனை எடுக்கவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டேன். பேச்சு இரண்டு மணிக்குத்தான். ஒன்பது மணி பஸ்ஸில் போனால் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.