வழுக்கைத் தளபதிக்கு ஒரு பலகை

பழைய ஆங்கிலேயப் பப் வாசல்களில் தொங்கும் படப் பலகைகளை ஒவ்வொன்றாக வரைந்து பார்க்கிறேன். இப்போது கையில் இருப்பது ‘மார்க்விஸ் ஆஃப் கிரான்பி’. இங்கிலாந்தில் பல ஊர்களில் இந்தப் பெயரில் பப் உண்டு.

அது தளபதி ஜான் மேனர்ஸின் (1721–1770) பிரபுப் பட்டம்; சுருக்கமாகக் கிரான்பி. 1759இல் பிரெஞ்சுப் படையோடு நடந்த மிண்டன் போரில், தாக்கச் சொல்லி உத்தரவு வந்தும் மேலதிகாரி சாக்வில் பிரிட்டிஷ் குதிரைப்படையை நகர்த்தவில்லை. படைக்கே தலைகுனிவு. மறு ஆண்டு ஜூலை 31 அன்று ஜெர்மனியின் வார்பர்க்கில் அந்தக் குதிரைப்படையைக் கிரான்பியே முன்னால் நின்று நடத்தினார். போன வேகத்தில் தொப்பியும் விக்கும் பறந்துவிட்டன. வழுக்கைத் தலையோடே பிரெஞ்சுக்காரர்கள் மீது பாய்ந்தார், தலைமைத் தளபதிக்கு அதே கோலத்தில் சல்யூட்டும் வைத்தார். ஜனங்களுக்கு இது போதாதா!

பெயர் பரவியதற்கு வீரம் மட்டும் காரணமில்லை. ஓய்வுபெற்ற தன் சிப்பாய்கள் பப் வைத்துப் பிழைக்கக் கைக்காசு கொடுத்தார் என்பார்கள். அவர்களும் நன்றியாக வாசலில் அவரையே தொங்கவிட்டார்கள். அவரோ கடனாளியாகத்தான் இறந்தார்.

சரி, பலகைக்கு வருகிறேன். 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை. ஓரத்தில்தான் ஈரம் ஏறும் என்பதால் அங்கே மட்டும் பிரைமர் கூடுதலாகக் கொடுத்தேன். கோட்டுப் படத்தைத் தாளில் ஊசியால் குத்தி, கரித்தூள் தட்டிப் பலகைக்கு இறக்கினேன். பின்பக்கத்துக்குத் தாளைத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது: எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் குதிரை சுவரை விட்டுத் தெருவை நோக்கியே ஓடும்.

நேரம் தின்றது தலைதான். விக் வைத்து வரைந்தால் சுலபம், ஆனால் அப்புறம் அது யாரோ ஒரு பிரபு. அந்தக் காலத்து ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸே அவரை வழுக்கையோடுதான் வரைந்திருக்கிறார். வெளிர் வானத்தின் முன்னால் வெளிர் தலை தூரத்திலிருந்து தெரியாது. அதனால் பின்னால் பீரங்கிப் புகையை நல்ல கருஞ்சாம்பலில் ஏற்றினேன். நெற்றியில் ஒரே ஒரு வெள்ளைத் தீற்றல். நுணுக்க நிழல்கள் எல்லாம் தெருவிலிருந்து பார்த்தால் காணாமல் போகும், போட்டுப் பயனில்லை. மேலங்கி நீலம், அவருடைய ராயல் ஹார்ஸ் கார்ட்ஸ் படையின் நிறம்.

இனி எழுத்து பாக்கி. தங்க நிறப் பெயிண்ட் வெயில் மழையில் கறுத்துவிடும், எனவே தங்க இலை, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டப் போகிறேன்.