பச்சை விளக்கு எரிந்தும் 'ஆஃப்லைன்'

காலையிலிருந்து அலுவலகப் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றே சாதித்தது. பச்சை விளக்கு எரிகிறது, தாள் இருக்கிறது, மை இருக்கிறது. கணினியின் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. நேற்றிரவு மின்சாரம் போய் வந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நானும் ஊர் வழக்கப்படி, கணினியையும் பிரிண்டரையும் பேசவைக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். அதுவும் இரண்டு முறை. (2021 ஆகஸ்டுக்குப் பிறகு, பகிர்ந்த பிரிண்டருக்கு டிரைவர் நிறுவ விண்டோஸ் நிர்வாகியின் அனுமதியைக் கேட்கிறது. அந்தக் கடவுச்சொல்லைத் தேடியது தனிக்கதை.) ஒன்றரை மணி நேரம் வீண்.

பிறகுதான் பிரிண்டரின் சிறு திரைக்குப் போய் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டேன். நெட்வொர்க்கில் பிரிண்டர் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஐபி முகவரி 192.168.1.27. அச்சு எங்கே போகவேண்டும் என்று கணினி குறித்துவைத்திருக்கும் போர்ட்டிலோ 192.168.1.14! ரவுட்டர் அணைந்து எழுந்தபோது புது முகவரி கொடுத்திருக்கிறது. கணினி இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது.

போர்ட்டை மாற்றியும் அசையவில்லை. ஆளாளுக்கு அழுத்திவைத்த பதினேழு கோப்புகள் வரிசையில் அடைத்துக்கொண்டு நின்றன. அந்த வரிசையைக் கவனிக்கும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற விண்டோஸ் சேவையை நிறுத்தினேன். விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் 'ஸ்பூல்' கோப்புறைக்குள், காத்திருக்கும் அச்சுக் கோப்புகள் தங்கும் 'பிரிண்டர்ஸ்' கோப்புறையைக் காலி செய்து, சேவையை மறுபடி தொடங்கினேன். சோதனைத் தாள் சூடாக வந்து விழுந்தது. கையோடு, ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கு நிலையான முகவரியும் ஒதுக்கிவிட்டேன்.

கணக்குப் பார்க்கும் அக்கா விவரத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை முதலிலேயே அச்சிட்டிருக்கலாமே, தம்பி?" என்றார்.