சில்வர் ஷேடோ: டெலிவரிக்கு முன் ஓட்டிப் பார்க்கும்போது

1965 முதல் 1980 வரை இங்கிலாந்தின் க்ரூ தொழிற்சாலையில் தயாரான ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவில் உட்கார்ந்து கோளாறு தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பெரிய வி8 எஞ்சினும் மெத்து மெத்தென்ற சஸ்பென்ஷனும் தேய்மானத்தின் சத்தத்தை அமுக்கிவிடும். அதனால் சாலைக்குப் போகுமுன் நின்ற இடத்திலேயே பிரேக்கைப் பரிசோதித்துவிட வேண்டும்.

மற்ற கார்களில் பிரேக் மிதியை லேசாக்கும் வேக்கம் பூஸ்டர் இதில் கிடையாது. பிரெஞ்சுக் கார் நிறுவனமான சித்ரோயனின் உரிமம் பெற்று அமைத்த ஹைட்ராலிக் (திரவ அழுத்த) முறை. எஞ்சினின் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் இரண்டு சிறு பம்புகள் 2,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை அழுத்தம் ஏற்றி இரண்டு அக்யூமுலேட்டர் உருண்டைகளில் சேமிக்கின்றன. உருண்டைக்குள் ஒரு ரப்பர் டயஃப்ரம் (சவ்வு), அதன் மறுபக்கம் 1,000 பிஎஸ்ஐ நைட்ரஜன். வருடங்கள் போகப் போக நைட்ரஜன் கசிந்துவிடும். ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது, பம்பு வேலை செய்யும்வரை பெடல் நன்றாகவே இருக்கும்.

எஞ்சினை நான்கைந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சாவியை மறுபடி இக்னிஷனில் வைத்து, பெடலை முழுதாக மிதித்து மிதித்து விடுங்கள். டாஷ்போர்டில் உள்ள இரண்டு பிரேக் விளக்குகளில் எது, எத்தனையாவது மிதியில் எரிகிறது என்று எண்ணுங்கள். நல்ல உருண்டை நாற்பதுக்கு மேல் தாங்கும். இருபதுக்குக் கீழே என்றால் அந்த உருண்டையைப் புதுப்பிக்கும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. பத்துக்குக் கீழே என்றால் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. இன்னொன்று: எஞ்சின் ஓடும்போது ஒரு விளக்கு நிமிடக்கணக்கில் அணையாமல் இருந்தால் அந்தப் பக்கத்துப் பம்பையும் வால்வையும் சந்தேகிக்கலாம்.

இனி சாலை. எஞ்சின் மறுபடி ஆறிக் குளிர்ந்ததும் கிளம்புங்கள், யாரோ சூடாக்கி வைத்த வண்டியில் பாதிக் கோளாறு வெளியே வராது. முதல் ஒரு கிலோமீட்டர் மெதுவாக, ஆளில்லாத சாலையில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் போடுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் உள்ளே உப்பிப்போன ஹோஸ் அல்லது சிக்கிய காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி). இருபது கிலோமீட்டருக்குப் பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிஸ்க்கையும் பாருங்கள். முன் இரண்டுக்குள்ளோ பின் இரண்டுக்குள்ளோ பெரிய வித்தியாசம் இருந்தால், சூடானதுதான் சிக்கியிருப்பது.

கியர் லீவர் வெறும் மின் சுவிட்ச்தான். கியர்பாக்ஸில் உள்ள ஒரு மோட்டார்தான் கியரை மாற்றுகிறது. ஆகவே பார்க், ரிவர்ஸ், டிரைவ் எல்லாவற்றையும் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். தாமதம் இருந்தால் மோட்டாரும் வயரிங்கும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தும் கீழ்க் கியருக்கு இறங்கவில்லையா? கியர்பாக்ஸைப் பிரிக்குமுன் கிக்டவுன் சுவிட்சைப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு செலவு முடிந்துவிடும்.

வேகத்தடையில் நடைவேகத்தில் ஏறும்போது முன்னால் 'டக்' என்று கேட்டால் தேய்ந்த பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) அல்லது ஆன்டி ரோல் பார் புஷ் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியின் ரப்பர்).

சூடு ஏறியதும் நெரிசலில் நிற்பதுபோல் கால் மணி நேரம் ஐடிலில் விடுங்கள், பிறகு அணைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வெப்பத்தில் பெட்ரோல் ஆவியானால் அப்போதுதான் அடம்பிடிக்கும். திரும்பி வந்ததும் வண்டியைத் தூக்கி, அலுமினிய பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகளைப் பாருங்கள். அங்கே கூலன்ட் கறையோ எண்ணெயோ தெரிந்தால் சிலிண்டர் லைனரின் (பிளாக்குக்குள் இருக்கும் சிலிண்டர் குழாயின்) சீல் போயிருக்கிறது. ரேடியேட்டரை மாற்றிச் சமாளிக்கிற விஷயமல்ல அது. விலையை மறுபடி பேச வேண்டிய விஷயம்.

வண்டியை ஒப்படைக்கும்போது டிக்கியில் ஷேடோவுக்கு உரிய ஆர்ஆர்363 பிரேக் ஃபுளூயிட் ஒரு பாட்டில் வையுங்கள், அதைத்தான் ஊற்ற வேண்டும் என்று பானட்டுக்குள் ஒரு சீட்டும் ஒட்டுங்கள். ஷேடோவுக்கு அடுத்து 1980-ல் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கு மினரல் ஆயில். அதை யாராவது நல்லெண்ணத்தில் ஷேடோவில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊறி உப்பிவிடும், மொத்த ஹைட்ராலிக்கையும் பிரிக்க வேண்டிவரும்.